சும்மா பெங்களூர் போவதற்கான விண்ணப்பம்

பெங்களூருக்கு நான் பதினெட்டு வருடமாகப் போய் வருகிறேன், வாரத்துக்கு ஆறு நாள். அந்த ஊரில் எனக்குத் தெரிந்த இடங்கள் நான்கு. ரயில்வே ஸ்டேஷன், அதன் மேம்பாலம், மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் பஸ் நிற்கிற இடம், பிறகு நான் லிப்ட் மெக்கானிக்காக இருக்கும் பதினோரு மாடிக் கட்டடம். பதினோரு மாடி என்றதும் மேலேயிருந்து ஊரைப் பார்த்திருப்பேன் என்று நினைத்துவிடாதீர்கள். மேலே மோட்டார் ரூமுக்கு ஜன்னல் கிடையாது. மற்ற நேரமெல்லாம் பேஸ்மெண்ட்தான். என் அப்பா எங்கள் ஊரான ஊரிகத்தில் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அவரும் பூமிக்குக் கீழே, நானும் பூமிக்குக் கீழே. அவர் இறங்கின கூண்டைக் கேஜ் என்றார்கள், நான் பழுதுபார்க்கும் கூண்டை லிப்ட் என்கிறார்கள். இரண்டு தலைமுறையில் எங்கள் குடும்பம் கண்ட முன்னேற்றம் அது.

இப்படி இருக்கும்போது என் மனைவி சுனிதாவுக்குப் பெங்களூர் கண்டோன்மெண்ட் பக்கம் ஒரு கண் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுத்து உட்கார வைக்கிற வேலை. திங்கட்கிழமை சேர வேண்டும். எல்லோரும் சந்தோஷப்பட்டோம். அன்றைக்குச் சாயங்காலம் அவள் பருப்பு கடைந்துகொண்டே என்னிடம் ஒன்று கேட்டாள்.

"இன்னாங்க, திங்கக்கெழமைலேர்ந்து நானும் உங்கள மாதிரிதான். அப்புறம் பெங்களூர்னாலே வேலைதான் ஞாபகம் வரும். அதுக்கு முன்னாடி ஒரு வாட்டி சும்மா போய்ப் பாக்கணும். ஒரு ராத்திரி தங்கணும். காலைல யாரோ போட்ட காபியக் குடிக்கணும்."

எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினைந்து வருடம். இதுவரை அவள் பெங்களூர் போனது மூன்று முறை. இரண்டு முறை ஆஸ்பத்திரி, ஒரு முறை ஸ்டேஷனுக்குப் பக்கத்து மண்டபத்தில் ஒரு கல்யாணம். பக்கத்தில் இருக்கிற ஊர், தினமும் புருஷன் போய் வருகிற ஊர், அதைக் காட்டக்கூட எனக்குத் துப்பில்லையே என்று வெட்கமாகப் போய்விட்டது. சனி ஞாயிறு போகலாம் என்று சொல்லிவிட்டேன். எங்கள் மகள் பல்லவி, பதினான்கு வயது, உடனே போனை எடுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தாள்.

அதோடு நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். மறுநாள் ரயிலில் போய்ச் சொன்னேன் பாருங்கள், அங்கேதான் பிடித்தது சனி.

எங்கள் காலை வண்டியின் மூன்றாம் பெட்டியில் ஏறுகிறவர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. ஊரிகம் பெங்களூர் தினசரிப் பயணிகள் நலச் சங்கம், மூன்றாம் பெட்டிக் கிளை. இரண்டாம் பெட்டிக் கிளையோடு எங்களுக்குப் பேச்சுவார்த்தை இல்லை. நாலாம் பெட்டியில் சங்கமே கிடையாது, வருகிறவன் வந்த இடத்தில் உட்காருகிறான், அதைப் பார்க்கவே எங்கள் ஆட்களுக்கு வயிறு எரியும். எங்கள் பெட்டியில் ஒவ்வொரு இடத்துக்கும் ஆள் உண்டு. புதிதாகச் சேர்கிறவர் வாசலில் நின்று, பிறகு கக்கூஸ் பக்கம் நின்று, பிறகு நாலாவது ஆளாகப் பலகை நுனியில் தொங்கி, படிப்படியாக மேலே வர வேண்டும். நான் ஜன்னலுக்கு வரப் பதினோரு வருடம் ஆனது.

சங்கத்துக்கு விதிப்புத்தகம் ஒன்று இருக்கிறது. சுரங்கம் மூடி, ஊரே ரயில் ஏற ஆரம்பித்தபோது, சங்கம் ஆரம்பித்தவர்கள் புதிதாக விதி எழுத யாருக்கு நேரம் என்று சுரங்க ஆபீஸில் கிடந்த பழைய புத்தகத்தை எடுத்துவந்து, சுரங்கக் குழியைக் குறிக்கிற ஷாப்ட் என்ற இடத்தில் ரயில் என்றும், கேஜ் என்ற இடத்தில் வாசல் என்றும் திருத்தினார்கள். நாற்பதாம் விதியோடு பேனா மை தீர்ந்துவிட்டது. அதனால் நாற்பத்தோராம் விதிப்படி வெடிமருந்து எடுத்துவருகிற உறுப்பினர் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். ஒவ்வொரு மாதக் கடைசியிலும் இந்த மாதம் யாரும் வெடிமருந்து எடுத்துவரவில்லை என்று தீர்மானம் போட்டுக் கைதட்டுகிறோம்.

தலைவர் கொர்னேலியஸ். முப்பத்தெட்டு வருடமாகப் பெங்களூர் போகிறார். வேலையிலிருந்து ஓய்வுபெற்று நாலு வருடம் ஆகிவிட்டது, ஆனால் தலைவர் என்பவர் தினசரிப் பயணியாக இருக்க வேண்டும் என்று விதி. ஆகவே தினமும் வருகிறார். பெங்களூரில் இறங்கி, பிளாட்பாரப் பெஞ்சில் உட்கார்ந்து, கொண்டுவந்த சோற்றைச் சாப்பிட்டு, மாலை வண்டியில் எங்களோடு திரும்பிவிடுகிறார். செயலாளர் சிவகுமார், ஒரு ஆபீஸில் தபால் பதிவு செய்பவர். பேசினாலே பைல் வாசனை வரும். மகளிர் பிரிவுக்குப் புஷ்பவல்லி அக்கா. தையல் யூனிட்டில் சூப்பர்வைசர், பெண்கள் பலகையில் யார் உட்காரலாம் என்பதற்கு அவர் வார்த்தைதான் முடிவு.

கோரமண்டல் ஸ்டேஷன் தாண்டினதும் ரம்மி ஆட்டம் ஆரம்பிக்கும். சனிக்கிழமை நான் குடும்பத்தோடு பெங்களூர் போகிறேன் என்றேன். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டார் என் எதிரே உட்காருகிற வேலு. ஆஸ்பத்திரி இல்லை என்றேன். யார் தவறிப்போனது என்று குரலைத் தாழ்த்தினார். யாரும் தவறவில்லை, சும்மா சுற்றிப் பார்க்கப் போகிறோம் என்றேன். ரம்மி நின்றது. கொர்னேலியஸ் கையிலிருந்த பதின்மூன்று சீட்டையும் கவிழ்த்து வைத்தார். அவர் அப்படி வைத்து நான் பார்த்ததில்லை.

சிவகுமார் பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார். குடும்பத்தாரை வண்டியில் அழைத்துச் செல்வதற்கான விண்ணப்பம். பயணத்தின் காரணம் என்ற இடத்தில் வைத்தியம், கோர்ட், கல்யாணம், சாவு என்று நாலு கட்டம் போட்டிருந்தது. நான் அதற்குக் கீழே "சும்மா" என்று எழுதிக் கொடுத்தேன். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இப்படி ஒரு காரணம் இதுவரை வரப்பெறவில்லை, வாசு. முன்னுதாரணம் இல்லை. இருக்கிற நாலில் ஒன்றைப் போடுங்கள். சாவு என்றால் இன்றைக்கே அனுமதி தருகிறேன்."

மறுநாள் பொதுக்குழு கூடியது. மாலூருக்கும் ஒயிட்பீல்டுக்கும் நடுவில் கூட வேண்டும் என்பது வழக்கம். எங்கள் பொதுக்குழுவில் எந்தத் தீர்மானமும் இதுவரை தோற்றதில்லை. காலை வண்டியில் பாதிப்பேர் தூங்குவார்கள், தூங்குகிறவர்கள் எதிர்ப்புத் தெரிவிக்காததால் அவர்கள் ஓட்டு ஆதரவில் சேரும். சிவகுமார் பத்தொன்பதாம் விதியைப் படித்தார். தொழிலாளி தன் மனைவி மக்களைக் கீழே கூட்டிப்போகக் கூடாது. பார்வையாளர்களாகக் கூட்டிப்போனால் வழிகாட்டிகளோடு கும்பலாகப் போக வேண்டும், ஒரே ஷிப்டில் இறக்கி அதே ஷிப்டில் ஏற்ற வேண்டும், இறங்கின தலையும் ஏறின தலையும் எண்ணிக்கை ஒத்துவர வேண்டும். பெங்களூர் எப்படிக் கீழே ஆகும் என்று நான் கேட்டேன். விதியில் அப்படித்தான் இருக்கிறது என்றார். பிறகு கொர்னேலியஸ் எழுந்து மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு பேசினார்.

"முப்பத்தெட்டு வருஷமா அந்த ஊருக்குப் போறேன். இன்னிக்கு வரைக்கும் அங்க நான் ஒண்ணையும் பாத்தது கெடையாது. அதுக்குப் பேருதான் ஒழுக்கம். பாக்க ஆரம்பிச்சா வண்டி போயிடும். வாசு நல்ல பையன், இல்லன்னு சொல்லல. ஆனா இவன் கூட்டினு போனா நாளைக்கு நம்ம எல்லார் வீட்லயும் கேப்பாங்க. அப்ப நாம இன்னா பதில் சொல்றது?"

பலத்த கைதட்டல். தூங்கினவர்களில் இரண்டு பேர் விழித்து, ஒயிட்பீல்டு வந்துவிட்டதோ என்று இறங்கப் பார்த்தார்கள்.

கடைசியில் என் குடும்பம் பார்வையாளர் என்ற பெயரில் அனுமதிக்கப்பட்டது. நாலு பேர் கொண்ட வழிகாட்டுக் குழு கூடவே வரும். கொர்னேலியஸ், சிவகுமார், புஷ்பவல்லி அக்கா, வேலு. இதற்காக நாலு பேரில் அன்று வேலை இருக்கிற இரண்டு பேர் லீவு போட்டார்கள், சிவகுமாருக்கு அன்று ஆபீஸ் விடுமுறை. வேலு தன் மகளுக்குப் பெயர் வைத்த அன்றைக்கே லீவு போடாத மனுஷன். இரவு தங்குவது பற்றி நான் மெதுவாகக் கேட்டேன். அது விதிப்புத்தகத்தில் விபத்துகள் என்ற தலைப்பில் வருகிறது என்றார் சிவகுமார். ஷிப்ட் முடிந்து மேலே வராத ஆளைப் பற்றிய விதி அது. அந்த விதிப்படிதான் ஒரு முறை வேலு மாலை வண்டியைத் தவறவிட்டபோது சங்கத்திலிருந்து இரண்டு பேர் அவர் வீட்டுக்குப் போய், அவர் மனைவி பியூலாவை முதலில் உட்காரச் சொல்லி, தண்ணீர் குடிக்கச் சொல்லி, பிறகு விஷயத்தைச் சொன்னார்கள். வேலு அடுத்த வண்டியில் வந்து சேர்ந்தபோது தெருவில் நாற்காலி போட்டாகிவிட்டது.

நீ ஏன் இதற்கெல்லாம் தலையாட்டினாய், போடா என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொல்லலாம். சொன்னால் என் ஜன்னல் போகும், அது போனால்கூடத் தொலைகிறது. திங்கட்கிழமை சுனிதா ஏற வேண்டும். அவளுக்கு முழங்காலுக்குக் கீழே நரம்பு இழுக்கும், கண்டோன்மெண்ட் வரைக்கும் நின்றுகொண்டு வர முடியாது. பெண்கள் பலகையில் நுனி இடம் ஒன்று காலியாகிறது, வழிகாட்டுக் குழுவோடு ஒத்துழைத்தால் யோசிக்கலாம் என்று புஷ்பவல்லி அக்கா என் காதில் போட்டிருந்தார்.

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். சுனிதா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, ராத்திரி தங்குகிறோமா இல்லையா என்று கேட்டாள். பார்க்கலாம் என்றேன். என் பார்க்கலாமுக்கு என்ன அர்த்தம் என்று பதினைந்து வருடமாக அவளுக்குத் தெரியும். சிரிப்பு நின்றுபோய் அடுப்பைப் பார்க்கத் திரும்பிவிட்டாள். அது எனக்குச் சுருக்கென்று இருந்தது.

வியாழக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் குழு சுற்றுலா இடங்களை முன்கூட்டியே ஆய்வு செய்தது. அறிக்கை வெள்ளிக்கிழமை காலை வண்டியில் வாசிக்கப்பட்டது.

"லால்பாக். கேட் உள்ளது, உறுதியான கேட். உள்ளே மரங்கள் இருப்பதாக வாசலில் கடலை விற்பவர் தெரிவித்தார். நேரமின்மையால் சரிபார்க்கவில்லை. விதான சௌதா என்கிற சட்டசபைக் கட்டடம், பஸ்ஸில் இடது பக்கம் உட்கார்ந்தால் தெரியும். குழுவினர் வலது பக்கம் உட்கார்ந்திருந்தனர். கப்பன் பார்க், பெஞ்சுகள் உள்ளன. ஆனால் அவற்றில் உட்கார்ந்திருப்பவர்கள் வேலைக்குப் போகிறவர்களாகத் தெரியவில்லை."

அன்று சாயங்காலம், சுரங்கக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டின எங்கள் லைன் வீட்டுக்கே வந்து ஒத்திகை நடத்தினார்கள். ஸ்டூல், நாற்காலி, அரிசி டின் எல்லாவற்றையும் இரண்டு வரிசையாகப் போட்டு, அதுதான் பெட்டி என்றார்கள். புஷ்பவல்லி அக்கா பையை முன்பக்கம் மாட்டி, முழங்கையை எந்த உயரத்தில் வைத்தால் ஆளுக்கு வலிக்காமல் வழி கிடைக்கும் என்று செய்து காட்டினார். சுனிதா முதல் முறை வாசலில் நின்று மற்றவர்களுக்கு வழிவிட்டாள். அக்காவுக்கு முகமே வாடிவிட்டது. இந்தக் குணம் இருந்தால் திங்கட்கிழமை பெங்களூர் போய்ச் சேர மாட்டாய் என்று கண்டித்தார். பல்லவி மட்டும் மூன்று முறை ஏறி மூன்று முறையும் அரிசி டின்னைப் பிடித்தாள். அவளுக்கு நல்ல எதிர்காலம் இருக்கிறது என்று குறித்துக்கொண்டார்கள்.

சனிக்கிழமை காலை. ஏழு பேருக்கும் எண் எழுதின அட்டை கழுத்தில். கொர்னேலியஸ் ஒன்று, சிவகுமார் இரண்டு, அக்கா மூன்று, வேலு நாலு, நான் ஐந்து, சுனிதா ஆறு, பல்லவி ஏழு. சுனிதா நீலப் புடவை கட்டி, கல்யாணத்தில் போட்ட கம்மலைப் போட்டிருந்தாள். கையில் ஒரு கனமான பை. பகல் ஒன்றுக்கு இவ்வளவு பெரிய பையா என்று சிவகுமார் கேட்டார். தின்பண்டம் என்றாள்.

பெங்களூரில் இறங்கியதும் கொர்னேலியஸ் எங்களை மேம்பாலத்தின் நடுவில் நிறுத்தினார். முப்பத்தெட்டு வருடத்தில் இதற்கு மூன்று முறை பெயிண்ட் அடித்திருக்கிறார்கள், முதலில் பச்சை, பிறகு சாம்பல், பிறகு மறுபடியும் பச்சை என்று விளக்கினார். பதினேழாம் படியில் ஓர் உடைசல் உண்டு, அவசரத்தில் இறங்கினால் அதைத் தாண்டிக் கால் வைக்க வேண்டும் என்று சொல்லி எங்களைத் தாண்ட வைத்தார். பிறகு டீக்கடை. பிறகு பஸ் நிற்கிற இடம், எந்தத் தூணருகே நின்றால் பஸ்ஸின் பின்வாசல் வந்து நிற்கும் என்ற விளக்கத்தோடு. சுனிதா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

அதற்குப் பிறகு அவரவர் வேலை செய்யும் இடங்கள். வேலுவின் குடோனை வெளியிலிருந்து பார்த்தோம். அக்காவின் தையல் யூனிட் கேட்டைப் பார்த்தோம். சிவகுமாரின் ஆபீஸ் பூட்டியிருந்தது, பூட்டைக் காட்டினார். என் கட்டடத்துக்கு எதிரே ஏழு நிமிஷம் ஒதுக்கியிருந்தார்கள். எந்த மாடி என்று பல்லவி கேட்டாள். நான் கையைக் கீழே காட்டினேன். அங்கே வண்டி இறங்குகிற சரிவு மட்டும்தான் தெரிந்தது. சுனிதா அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எல்லோர் முன்னாலும் என் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள்.

லால்பாக் கேட்டுக்கு வந்தபோது மணி இரண்டு. கேட் அறிக்கையில் சொன்னபடியே உறுதியாக இருந்தது. சுனிதா உள்ளே நடக்கப் போனாள். உள்ளே போவது நிகழ்ச்சி நிரலில் இல்லை என்று சிவகுமார் கையைக் குறுக்கே நீட்டினார். அடுத்து கப்பன் பார்க் பெஞ்சு, மூன்றரை மணியிலிருந்து. அங்கே ஏழு பேரும் இரண்டு பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்தோம். எங்கள் பெட்டியில் உட்காருகிற அதே வரிசைதான். ஜன்னல் பக்கம் எனக்கு விட்டிருந்தார்கள்.

கொர்னேலியஸ் சங்கம் தொடங்கின வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருந்தார். நாலு இருபதுக்கு அது நடந்தது. எங்கள் மாதிரி ஆட்களுக்கு நாலு இருபது ஆனால் உடம்பு தானாக எழுந்துவிடும், மூளையைக் கேட்காது. கொர்னேலியஸ் பாதி வாக்கியத்தில் எழுந்தார். சிவகுமார் எழுந்தார். அக்கா பையை முன்பக்கம் மாட்டிக்கொண்டார். யாரும் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. பஸ்ஸில் ஏறினது, மேம்பாலம், பதினேழாம் படியைத் தாண்டினது எதுவும் எனக்கு நினைவில்லை. நினைவு வந்தபோது நான் மாலை வண்டியில் என் ஜன்னலருகே உட்கார்ந்து ஷூ நாடாவைத் தளர்த்தியிருந்தேன். வண்டி நகர்ந்துகொண்டிருந்தது. காற்று நன்றாக வந்தது.

சிவகுமார் விதிப்படி தலை எண்ணினார். ஐந்து என்றார். மறுபடியும் எண்ணினார். இறங்கினது ஏழு, ஏறினது ஐந்து. கொர்னேலியஸுக்கு வியர்த்துவிட்டது, சங்க வரலாற்றிலேயே ஒரே நாளில் இரண்டு தலை குறைந்ததில்லை. எந்த எண்கள் காணவில்லை என்று கேட்டார். ஆறும் ஏழும் என்றார் சிவகுமார். ஆறு யார், ஏழு யார் என்று பட்டியலைத் தேடினார்கள்.

"எம் பொண்டாட்டி, எம் பொண்ணு" என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. அடப்பாவி, கட்டினவளையும் பெற்ற மகளையும் பார்க் பெஞ்சில் விட்டுவிட்டு வண்டி பிடிக்க ஓடிவந்திருக்கிறேன். போன் போட்டேன். சுனிதா எடுத்தாள். அவள் குரல் ரொம்பச் சாதாரணமாக இருந்தது.

"ஏறிட்டீங்களா? எடம் கெடச்சுதா? அந்தப் பெஞ்சுலேர்ந்து நீங்க அஞ்சு பேரும் ஓடுனதப் பாத்து பல்லவிக்கு இன்னும் சிரிப்பு அடங்கல. நாங்க ரூமுக்கு வந்துட்டோம். அன்னிக்கே இவ போன்ல புக் பண்ணிட்டா. மூணு பேருக்குத்தாங்க போட்டிருக்கோம்."

நான் எழுந்து நின்றேன். உட்காரு, இடம் போய்விடும் என்றார் கொர்னேலியஸ், நல்லெண்ணத்தில்தான். சிவகுமார் விதிப்புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். வண்டியைத் தவறவிட்ட ஆளுக்கு விதி இருக்கிறது, வண்டியைப் பிடித்துவிட்டு நடுவில் இறங்குகிற ஆளுக்கு விதியே இல்லை, நான் இறங்கினால் அதை எந்தத் தலைப்பில் பதிவு செய்வது என்று உண்மையிலேயே கவலைப்பட்டார். வண்டி கண்டோன்மெண்டில் நின்றது. பதினெட்டு வருடத்தில் முதல் முறையாக மாலை வண்டியிலிருந்து அங்கே இறங்கினேன். திரும்பிப் பார்த்தால் என் ஜன்னலில் வேலு உட்கார்ந்திருந்தார். பாவம், அவரும் ஒன்பது வருடம் காத்திருந்தவர்.

லாட்ஜ் ரூமில் சுனிதா கட்டிலில் காலை நீட்டி, தலையணைமேல் சாய்ந்து, கையில் காபியோடு ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கனமான பையிலிருந்து என் லுங்கியும் மாற்றுச் சட்டையும் வெளியே எடுத்து வைத்திருந்தாள். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"காலைலேர்ந்து உங்க சங்கத்தப் பாத்தாச்சு. மூஞ்சி கழுவுங்க. இப்ப ஊரப் பாக்கலாம்."

பார்த்தோம். அன்று சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமை முழுக்கவும். மெட்ரோவில் ஒரு முனையில் ஏறி மறு முனையில் இறங்காமல் அப்படியே திரும்பி வந்தோம், எங்கேயும் போக வேண்டியிருக்கவில்லை. சுனிதா தான் சுடாத தோசையை மூன்று தின்றாள். லால்பாக்குக்குள் பல்லவி செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு புல்லில் ஓடினாள். நான் இரண்டு முறை வழி தவறினேன், பல்லவிதான் போனைப் பார்த்துக் கூட்டிவந்தாள். ஒரு பூக்காரம்மா என்னைப் பார்த்து ஊருக்குப் புதுசா என்று கன்னடத்தில் கேட்டார். ஆமாம், நேற்றுத்தான் வந்தேன் என்றேன். சுனிதா அதற்கு அவ்வளவு சிரித்தாள், அந்தச் சிரிப்புக்காக இன்னொரு ஜன்னலையும் கொடுத்திருப்பேன்.

ஞாயிறு ராத்திரி ஊர் திரும்பி, திங்கட்கிழமை காலை நானும் அவளும் மூன்றாம் பெட்டி வாசலில் நின்றோம். பெண்கள் பலகையின் நுனி இடத்தில் புஷ்பவல்லி அக்காவின் பை உட்கார்ந்திருந்தது. சிவகுமார் இரண்டு காகிதம் வாசித்தார். ஒன்று, எண்கள் ஐந்து, ஆறு, ஏழு திரும்பாததற்குச் சங்கத்தின் ஆழ்ந்த வருத்தம். இரண்டு, திரும்பிவந்ததற்கு என்னிடம் விளக்கம் கேட்டு நோட்டீஸ். வாங்கி மடித்து வைத்துக்கொண்டேன். சுனிதா ஒரு காலை மாற்றி இன்னொரு காலில் நின்றாள்.

பங்காருபேட்டை தாண்டினதும் அக்கா, எங்கேயோ பார்க்கிற மாதிரி, அந்த லால்பாக் கேட்டுக்கு உள்ளே போனீர்களா என்று கேட்டார். போனோம்க்கா என்றாள் சுனிதா. உள்ளே என்ன இருக்கிறது என்றார். சுனிதா சொல்ல ஆரம்பித்தாள். மெல்லப் பேசுகிறவள், பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்கவில்லை, சத்தமாகச் சொல்லுங்கள் என்று குரல் வந்தது. ரம்மிக்காரர்கள் சீட்டைக் கவிழ்த்தார்கள். மாலூர் வந்தபோது தூங்கினவர்கள் விழித்துவிட்டார்கள். அக்கா தன் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, நின்றுகொண்டே சொன்னால் எப்படி, உட்கார்ந்து முதலிலிருந்து சொல்லு என்றார். சுனிதா உட்கார்ந்தாள். பொதுக்குழு கூட வேண்டிய நேரம் போய்விட்டது, சிவகுமார் அதைக் கவனிக்கவில்லை. மெட்ரோவில் உட்கார இடம் பிடிக்கத் துண்டு போடலாமா என்று மட்டும் இடையில் கேட்டார்.

கொர்னேலியஸ் மட்டும், எல்லோரும் ஒழுக்கம் கெட்டுப்போவதைப் பார்த்தபடி விறைப்பாக உட்கார்ந்திருந்தார். கண்டோன்மெண்ட் நெருங்கியதும் சுனிதா இறங்குவதற்காக வாசலுக்கு வந்தாள், முதல் நாள் வேலை, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர் அவள் பக்கத்தில் வந்து நின்றார். வெளியே பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ஞாயித்துக்கெழம நம்ம வண்டி ஓடுதாம்மா?"

"ஓடுதுங்கண்ணா."

"எம் பொண்டாட்டி லவினாக்கு முட்டி வலி. ரொம்ப நடக்க மாட்டா. உள்ள உக்கார எடம் இருக்குமா?"

"எங்க வேணா உக்காரலாம்ண்ணா. யாரு எடம்னு யாரும் கேக்க மாட்டாங்க."

வண்டி நின்றது. சுனிதா இறங்கினாள். அவர் கம்பியைப் பிடித்துக் குனிந்து, பெட்டிக்குள் ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"சங்கத்துக்குச் சொல்லிடாதம்மா."